துணைக்கால்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நன்றாக இல்லை என்று எழுதினால் பதறிப்போவாய். அதனால் அந்த இரண்டு வரியையும் விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நாம் என்ன பேசுகிறோம்? சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அங்க குளிரா, குளிர்தான், சரி வைக்கட்டுமா. அப்பா போன இந்த எட்டு மாதமாக அதைத் தாண்டவே இல்லை. நான் சொல்ல வந்தது அந்த மூன்று நிமிஷத்துக்குள் அடங்காது. எழுத்துப் பிழை நிறைய இருக்கும், பொறுத்துக்கொள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் உன் அம்மா. கம்பெனியில் பேட்டர்ன் வரையும் பழுப்புக் காகிதத்தில் எழுதுகிறேன். வீட்டில் இருப்பது இதுதான். எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் கிழித்துக்கொள்ளலாம்.

முதலில் கம்பெனிச் செய்தி. புதுக் கட்டடத்துக்கு வந்துவிட்டோம். ஏழு வருஷத்துக்கு முன்னால் நீ போனபோது நாற்பது மெஷின். இப்போது முந்நூற்றுப் பத்து. ஓவர்லாக் வரிசையில் இந்தக் கோடியில் நான் உட்கார்ந்தால் அந்தக் கோடியில் இருப்பவள் குண்டூசி அளவுக்குத்தான் தெரிகிறாள். எல்லா மெஷினும் ஒன்றாக ஓடும்போது தரையிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பி, செருப்பு வழியாக முழங்கால் வரை ஏறுகிறது. முதல் நாள் நான் நிலநடுக்கம் என்று எழுந்து ஓடப் பார்த்தேன். பக்கத்து மெஷின்காரி இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

அச்சு ஹாலை நீ பார்க்க வேண்டும். வெள்ளைத் துணி ஒரு பக்கம் உள்ளே போகிறது. காகிதத்தில் அடித்த படத்தைச் சூடான உருளை துணிக்குள்ளேயே ஏற்றிவிடுகிறது. மறுபக்கம் கரடி வருகிறது, கழுகு வருகிறது, அலை வருகிறது. கையால் தடவினால் சாயம் தட்டுப்படுவதே இல்லை. துணியோடு பிறந்த மாதிரி இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ பதினைந்து பேர், எங்கள் சட்டை இப்படி இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் தாங்களே வரைந்து அனுப்புகிறார்கள். ஓர் அணி தங்கள் தெரு ரொட்டிக்கடையைச் சின்னமாக வைத்திருக்கிறது. ஓர் அணிக்குக் கலங்கரை விளக்கம். ஓர் அணிக்குச் சின்னம் ஒற்றைச் செருப்பு. ஏன் செருப்பு என்று யாருக்கும் தெரியாது. நாங்களும் கேட்பதில்லை. பயபக்தியோடு செருப்பை அச்சடித்து, பிசிறு வெட்டி, மடித்து அனுப்பிவைக்கிறோம். போன மாதக் கணக்கில் இருபத்து மூன்று நாட்டுக்குப் பெட்டி போயிருக்கிறது.

இதையெல்லாம் பார்க்கும்போது எனக்கு அந்தப் பழைய மாடி அறைதான் நினைவுக்கு வருகிறது. சைக்கிள் கடைக்கு மேலே, இரண்டு மெஷின் போட்ட அறை. உனக்கு அப்போது ஐந்து வயது. மூக்கில் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு ஓர் ஆள் படியேறி வந்தார். கையில் ஒரு பை, பைக்குள் தாறுமாறாகக் கிழிந்த ஒரு பனியன். பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதப் போட்டுக்கிட்டு சண்டை போட்டீங்களா என்று கேட்டார். இல்ல மாஸ்டர், விளையாடினோம், ரக்பி, என்றார் அவர். அப்ப சண்டைன்னா என்ன பண்ணுவீங்க என்று கேட்டார் அப்பா. அவர்தான் இன்றைக்கு முதலாளி. அந்த மூக்கு இன்னும் நேராகவில்லை. வீட்டுக்குள் அவருக்கு அப்பா வைத்த பெயர் கோணமூக்கு என்பதை நீ மறந்திருக்கமாட்டாய்.

கிழியாத சட்டை பதினைந்து வேண்டும் என்றார். அப்பா பக்கத் தையலை இரட்டையாகப் போட்டு, அக்குளில் ஒரு தனித்துண்டு வைத்து, முதல் சட்டையை முடித்தார். சோதனை பண்ண வேண்டுமே. அப்பா ஒரு பக்கமும் முதலாளி ஒரு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். சைக்கிள் கடைக்காரர்கள் எல்லாம் மேலே வந்துவிட்டார்கள் வேடிக்கை பார்க்க. சட்டை கிழியவில்லை. முதலாளியின் பேண்ட்தான் கிழிந்தது. அப்பா அதையும் தைத்துக் கொடுத்து அனுப்பினார்.

அன்றிலிருந்து உலகத்தில் எங்கே ஒரு சட்டை கிழிந்தாலும் அது அப்பாவின் மேஜைக்கு வந்தது. எந்த இடத்தில் கிழிந்தது, எந்தப் பக்கம் இழுத்ததில் கிழிந்தது என்று பார்த்துப் பார்த்து அடுத்த சட்டையில் சரி செய்வார். மைதானத்துக்கு அவர் ஒருநாளும் போனதில்லை. அந்த ஆட்டத்தை அவர் அறிந்ததெல்லாம் கிழிசல் வழியாகத்தான். சில சட்டைகளில் ரத்தக்கறை இருக்கும். அதை நான்தான் அலசுவேன். அப்பா அந்தப் பக்கம் திரும்பமாட்டார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீ ரக்பி ஆடப் போகிறேன் என்று வந்து நின்ற நாளில் அவருக்கு முன்னால் வந்து நின்றது அந்தச் சட்டைகள்தான். உன்னைப் பூட்டி வைக்கிற எண்ணம் அவருக்கு இல்லை. துணி கிழிஞ்சா நான் தைப்பேன், புள்ள கிழிஞ்சா யாரு தைக்கிறது என்று கேட்டார் அல்லவா? நீயும் சும்மா இருந்தாயா? உங்க சட்டை கிழியாதுன்னு ஊரெல்லாம் சொல்றாங்க, அதுல ஒண்ணு எனக்குக் குடுங்க, போதும் என்றாய். அதற்குத்தான் அவர், என் கையால உனக்கு ஒரு சட்டை கிடையாது என்று சொன்னார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு இரண்டு பேரையும் பார்த்தேன். முகம் மட்டும்தான் வேறு வேறு. பிடிவாதம் ஒரே துணியில் வெட்டியது.

நீ ரக்பி ஆட அவ்வளவு தூரம் போனாய். அவர் சொன்ன சொல்லை மீறவில்லை. கடைசிவரை உனக்கென்று ஒரு சட்டை தைக்கவில்லை. அப்படித்தான் நான் நேற்று முன்தினம் வரை நினைத்திருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பெண்கள் சட்டைக்கு நம் கம்பெனி வைத்திருக்கும் பெயர் வலு. நீயே அதை மாரில் போட்டுக்கொண்டு ஓடுகிறவள், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது என்பதுதான் வேடிக்கை.

நீ போய் ஒரு வருஷம் கழித்து முதல்முதலாக ஒரு பெண்கள் அணி ஆர்டர் கொடுத்தது. ஆண்கள் பேட்டர்னைச் சின்னதாக்கி வெட்டிவிடலாம் என்றார் முதலாளி. எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் செய்வார்களாம். தோளில் இறுக்கும், இடுப்பில் சாக்கு மாதிரி தொங்கும், பெண்கள் வாயை மூடிக்கொண்டு போட்டுக்கொள்வார்கள். அப்பா, ஆம்பள சட்டையச் சுருக்கினா பொம்பள சட்டை ஆகிடாது என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் ஒரு புதுப் பேட்டர்ன் அட்டையைக் கொண்டுவந்து வெட்டும் மேஜையில் வைத்தார். அந்தச் சட்டை போட்ட அணிகள் ஒன்றுக்கு ஒன்று சொல்லி, அது பத்தாகி நூறாகித்தான் கம்பெனி இன்றைக்கு இப்படி நிற்கிறது. எங்க மாஸ்டர் ஒரே நாள்ல வெட்டின பேட்டர்ன் என்று முதலாளி போகிற இடமெல்லாம் சொல்லுவார்.

அந்த அட்டையோடு அப்பா ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தாராம். அதில் ஒரே ஒரு சொல். முதலாளி படித்துவிட்டு, வலுன்னு எழுத வந்தவர் ஒரு கால் சேத்துப் போட்டுட்டார், பாவம், மாஸ்டருக்கு எழுத்து அவ்வளவுதான், ஆனா பேரு பிரமாதமா இருக்கே என்று அதையே வைத்துவிட்டார். வெளிநாட்டுக்காரர்களுக்கு, எங்கள் மொழியில் பலம் என்று அர்த்தம் என்று விளக்கமும் கொடுத்தார். பெண்கள் சட்டைக்குத் தனி ஹால் திறந்த நாளில் ஆள் உயரத்துக்கு வலு என்று பலகை வைத்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். எப்படி இருக்கு மாஸ்டர் என்று முதலாளி கேட்டார். அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டு, கால் ஒண்ணு குறையுது என்றார். உடனே முதலாளி கை காட்ட, தச்சர் பலகைக்குப் பின்னால் ஓடிப்போய்க் குனிந்து பார்த்து, இல்ல மாஸ்டர், நாலு காலும் கெட்டியாத்தான் இருக்கு என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இனிமேல் நடந்ததைக் கேள். அப்பாவின் அறையை யாரும் தொடக்கூடாது என்று எட்டு மாதமாக முதலாளி பூட்டியே வைத்திருந்தார். பழைய கட்டடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பதால் இப்போது திறந்தார்கள். அட்டைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். கெட்டிக்காரி. மவுஸை இரண்டு தட்டு தட்டினால் நடுசைஸ் அட்டை பெரிய சைஸ் ஆகிறது, இன்னும் இரண்டு தட்டினால் சின்னதாகிறது. அப்பா ஒரு வாரம் உட்கார்ந்து செய்த வேலை. அவர் இருந்திருந்தால் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டிருப்பார். அந்தக் கம்ப்யூட்டர் பெண், அக்கா, மாஸ்டர் எழுத்து எனக்குப் புரியல, கொஞ்சம் வாங்க என்று என்னைக் கூப்பிட்டாள்.

ஆணியில் அட்டைகள் தொங்குகின்றன. முதல் ஆணியில் பெண்கள் பேட்டர்ன். ஐந்து அட்டை, ஒன்றின்மேல் ஒன்று, துளை போட்டுக் கயிற்றில் கோத்து. முதல் அட்டையின் மூலையில் அப்பா கையெழுத்து. அந்தப் பெண் சொன்னாள், அக்கா, இங்கயும் வலுவுக்கு ஒரு கால் சேத்துப் போட்டிருக்கார், எல்லா அட்டையிலயும் அதே தப்பு.

நான் படித்தேன். விரல் வைத்து எழுத்துக்கூட்டி மறுபடியும் படித்தேன்.

அது தப்பு இல்லையடி. வாலு என்றுதான் எழுதியிருக்கிறார்.

இந்த வீட்டில் அந்தப் பெயர் ஒருத்திக்குத்தான் உண்டு. சின்ன வயதில் சீருடைக்கு அளவெடுக்க நிறுத்தினால் ஒரு நொடி நிற்கமாட்டாய். டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மேஜையைச் சுற்றி ஓடுவாய். அசையாம நில்லுடி வாலு, அசையாம நில்லு என்று கத்திக்கொண்டே அப்பா பின்னால் ஓடுவார். கடைசியில் கண்ணாலேயே அளவெடுத்துத் தைப்பார். சரியாகத்தான் இருக்கும். நீ போனபிறகு அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்கவே இல்லை. படித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து அந்தக் காலை எடுத்துவிட்டார்கள். திருத்தப்போனால் காரணம் சொல்ல வேண்டுமே என்று அவர் சும்மா இருந்துவிட்டார்.

அட்டையின் தேதியைப் பார்த்தேன். நீ போன மாதத்துக்கு அடுத்த மாதம். ஒரே நாளில் வெட்டிய பேட்டர்ன் என்று முதலாளி சொல்கிறாரே, அது ஒரு வருஷமாக ஆணியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கீழே இழுப்பறையில் ஒரு பொட்டலம். பிரித்தால், நீ விட்டுவிட்டுப் போன அந்தக் கிழிந்த கல்லூரிச் சட்டை. நான் அதை அவர் குப்பையில் போட்டுவிட்டார் என்று நினைத்து ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன். ஒவ்வொரு தையலையும் பிரித்து, துண்டு துண்டாக இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார்.

அட்டைகளில் எழுதியதை உனக்கு அப்படியே எழுதுகிறேன். முதல் அட்டை: வாலு, கண் அளவு. இரண்டாவது: தோள் அரை கூட்டல், ஆள் அகலமாகியிருக்கு. மூன்றாவது: கை மேல்பக்கம் பிடிக்குது, முக்கால் விடணும். நான்காவது: இடுப்பு இறக்கம், மெலிஞ்சிருக்கா, சாப்பிடுறாளா தெரியலை. அந்தப் பெண் பாவம், கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்தவள் அங்கே நின்று, அக்கா, சாப்பிடுறாளா தெரியலைங்கிறத எந்தக் கட்டத்துல போடுறது என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது.

உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறதா? நான்கு வருஷம் முன்னால் ஒருநாள் போனில், அம்மா, எங்க டீமுக்கு உங்க கம்பெனி சட்டைதான் வாங்கியிருக்காங்க, எனக்கு மட்டும் எங்கயும் பிடிக்காம கச்சிதமா இருக்கு என்றாய். நான் அதை அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ம் என்றார், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பசியாக இருக்கும் என்று நினைத்தேன். என்ன பெண்டாட்டி நான்.

ஐந்தாவது அட்டையில் ஒரே வரி. இடது தோள் கால் இறக்கம். அந்தப் பெண், தோள்ல கால் எங்கக்கா வந்துச்சு என்றாள். கால் இஞ்சு என்று சொன்னேன். வலது தோளை விட இடது தோளைக் கால் இஞ்சு இறக்கி வெட்டியிருக்கிறார். ஏன் என்று எழுதவில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி.

இங்கே உட்கார்ந்துகொண்டு அவருக்கு உன் தோள் எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். அப்பாவின் போனை அவளிடம் கொடுத்து, இதில் என்ன இருக்கிறது பார் என்றேன். உங்கள் அணி நெட்டில் போடுகிற ஆட்ட வீடியோக்கள் எல்லாம் அதில் இருந்தன. அறுபத்து மூன்று. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி இருப்பார். அசதியில் கண்ணயர்கிறார் என்று நாங்கள் மெஷினைக்கூட மெதுவாக ஓட்டுவோம்.

நீ ஆடி நான் பார்த்ததில்லை. பயம். நேற்று முன்தினம்தான் முதல்முதலாகப் பார்த்தேன். பழைய கட்டடத்தின் காலி அறையில், வெட்டும் மேஜைமேல் போனைச் சாய்த்து வைத்து. மழை பெய்கிறது. யார் யார் என்றே தெரியாமல் எல்லாரும் மண் நிறத்தில் இருக்கிறார்கள். ஆனால் நீ பந்தை வாங்கியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. டேப்பைப் பிடித்துக்கொண்டு மேஜையைச் சுற்றி ஓடுவாயே, அதே ஓட்டம். ஒருத்தி உன் சட்டையைப் பிடிக்கிறாள். நீ நிற்கவில்லை. இன்னொருத்தி. அப்புறம் இன்னொருத்தி. மூன்று பேர் தொங்குகிறார்கள், நீ மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு போகிறாய். சட்டை இப்படி விரிந்து, இதோ கிழியப்போகிறது, கிழியப்போகிறது என்று நான் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டேன். கிழியவில்லையடி. அந்தப் பக்கத் தையல் என் வரிசையில் போட்டது. நீ அப்படியே போய் அந்தக் கோட்டுக்கு அப்பால் விழுந்தாய், பந்தை மாரோடு அணைத்துக்கொண்டு. மேலே நாலு பேர் விழுந்தார்கள். எழுந்து சிரிக்கிறாய். பல்லெல்லாம் மண்.

என் வயிற்றிலிருந்து வந்தவளா இவள் என்று இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியாமல் இத்தனை பெரியதாக என்னென்னவோ நடந்திருக்கிறது.

அப்புறம் அந்தப் பெண் தேதி பார்த்து இன்னொன்றைப் போட்டாள். அதில் நீ விழுகிறாய், எழவில்லை. இடது தோளைப் பிடித்துக்கொண்டு உன்னை ஓரமாக நடத்திக்கொண்டு போகிறார்கள். ஐந்தாவது அட்டை அதற்கு எட்டு நாள் கழித்து வெட்டியது. நீ எனக்குச் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் நீ மறுபடி ஆட வந்த ஆட்டத்தையும் பார்த்தேன். இடது தோள் ஒரு துளி இறங்கித்தான் இருக்கிறது. நான் பெற்றவள், எனக்கு அவர் எழுதிய பிறகுதான் தெரிகிறது.

இன்றைக்கு இதோடு நிறுத்துகிறேன். கண் எரிகிறது.

மூன்று நாள் ஆயிற்று. விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

நடுவில் ஒரு தலைவலி வந்தது. அந்தக் கம்ப்யூட்டர் பெண் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறவள், மேலே சொல்லிவிட்டாள், இரண்டு தோளும் சமமில்லை என்று. அந்த அட்டையிலிருந்துதான் எல்லா சைஸும் பெருக்கியது. இரண்டு வருஷத்தில் நாற்பத்தோராயிரம் சட்டை. அத்தனையிலும் இடது தோள் கால் இஞ்சு இறக்கம். யாரும் கண்டுபிடிக்கவில்லை, அந்தக் கலங்கரை விளக்க அணியைத் தவிர. எங்கள் விளக்கு சாய்ந்து நிற்கிறது என்று அவர்கள் எழுதியெழுதிக் கேட்க, அச்சு ஹால் அண்ணன் ஒரு வருஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். இடது மார்பில் அல்லவா சின்னம் வருகிறது.

டீ குடிக்கிற இடத்தில் பேசிக்கொண்டார்கள், மாஸ்டருக்குக் கடைசில கண்ணு மங்கிடுச்சு போல என்று. அது என் காதில் விழுந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், பரிதாபப்பட்டார்கள். டீயை வைத்துவிட்டு ஐந்து அட்டையையும் எடுத்துக்கொண்டு நேரே முதலாளி அறைக்குப் போனேன். அவர் கண்ணு மங்கல, அவ்வளவு தூரத்துல இருந்து கால் இஞ்சு தெரிஞ்ச கண்ணு அது என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலாளி ஒவ்வொரு அட்டையாகப் படித்தார். நான்காவது அட்டையில் ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் மூக்கைத் தடவிக்கொண்டு, அன்னைக்குக் கால் ஒண்ணு குறையுதுன்னார், நான் ஆசாரிய அனுப்பிப் பலகைக்கு அடியில பாக்கச் சொன்னேனேம்மா என்றார். சிரிக்க ஆரம்பித்தவர்தான். பாதியில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். சன்னலுக்கு வெளியே லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் வலு, வலு, வலு. எனக்கு இப்போது அதைப் படிக்க வரவில்லை. காலோடுதான் படிக்க வருகிறது.

நினைத்துப் பார். பெயர்கூட வாயில் நுழையாத ஊர்களில், நம்மை யாரென்றே தெரியாத பெண்கள், உன் தோளைப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். உனக்கு அடிபட்ட இடத்தில் அவர்களுக்கும் சட்டை கொஞ்சம் தணிந்து கொடுத்திருக்கிறது. உனக்குத் தைக்கமாட்டேன் என்று சொன்ன மனுஷன், உன்னைத் தவிர வேறு யாருக்கும் தைக்கவே இல்லை.

தோளை நேராக்கிவிடுவது என்று முடிவாயிற்று. அதுதான் நியாயம். மற்றவர்கள் தோள் நேராக இருக்கிறது, விளக்கும் நேராக நிற்க வேண்டும். எனக்கு வருத்தமில்லை. ஆனால் மூன்று மாதத்தில் புது விற்பனைப் பட்டியல் அச்சுக்குப் போகிறது, அதற்குள் ஆறாவது அட்டை வெட்ட வேண்டும். அறுபது பெண்களின் அளவைக் கூட்டி வகுத்து ஒரு உடம்பு செய்யலாம் என்றாள் கம்ப்யூட்டர் பெண். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. இது ஒரு பொண்ணோட அளவு, அந்தப் பொண்ணு வந்து நின்னா புது அட்டை, வரலன்னா புது அறையில முதல் ஆணி காலியா இருக்கட்டும், பழசத் திருத்தி ஓட்டிக்குவோம் என்றார். என்னைப் பார்த்து, நீங்க கட்டாயப்படுத்தாதீங்கம்மா என்றும் சொன்னார்.

நான் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அப்பா போன அன்று நீ போனில், வரட்டுமா என்று கேட்டாய். வேண்டாம், எல்லாம் முடிஞ்சு போச்சு, இனிமே வந்து என்ன என்று சொன்னேன். முடிந்திருக்கவில்லை. அப்போது அவரைக் கூடத்தில்தான் கிடத்தியிருந்தது. உனக்காகக் காத்திருந்திருக்கலாம், முதலாளிகூடக் கேட்டார். வரட்டுமா என்று எதற்குக் கேட்கிறாள், வருகிறேன் என்று சொல்லவேண்டியதுதானே என்று எனக்கு ஒரு வீம்பு. அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டு உன்னை அவர் முகம் பார்க்க விடாமல் செய்துவிட்டேன். இத்தனை நாளும் உங்கள் இரண்டு பேரைத்தான் பிடிவாதக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சட்டை வருகிறது. ஐந்தாவது அட்டையில், அதை நேராக்குவதற்கு முன்னால் வெட்டி, நானே தைத்தேன். தன் கையால் கிடையாது என்று சொன்னது அவர்தான். நான் அப்படி எதுவும் சொல்லவில்லையே. இடது தோள் கால் இறக்கம். முதுகில் எண் போடவில்லை, உன் எண்ணை நீயே வந்து சொல். கழுத்துக்குள்ளே வலு என்ற லேபிள் இருக்கும். சட்டைக் கழுத்தைத் திருப்பிப் பார். சிவப்பு நூலால் அந்தக் காலைப் போட்டிருக்கிறேன். இரண்டு எழுத்துக்கும் நடுவில் இடமே இல்லை, நெருக்கித்தான் போட முடிந்தது, அதனால் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. வெந்நீரில் போடாதே, நூல் சாயம் விடும்.

இங்கே புதிதாக ஒரு கூண்டு வாங்கியிருக்கிறார்கள். உள்ளே போய் நின்றால் பன்னிரண்டு காமிரா ஒரே நொடியில் உச்சி முதல் பாதம் வரை அளந்துவிடுகிறது. நானே போய் நின்று பார்த்தேன். என் உடம்பு பச்சைக் கோடாகச் சுவரில் வந்து நின்றது, வயிறு உட்பட. அதிலேயே நீ நிற்கலாம். ஆனால் அப்பாவின் டேப் என்னிடம் இருக்கிறது. மேஜைமேல் அவர் சாய்ந்தபோது கழுத்தில் கிடந்தது. எட்டு மாதமாகச் சுருட்டாமல் வைத்திருக்கிறேன். அளவெடுக்க எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரு முனையை நான் பிடிக்கிறேன்.

வாம்மா. வந்து இந்த ஒரு தடவை மட்டும் அசையாமல் நில்.

உன் தோள் சீக்கிரம் முழுசாக ஆறட்டும். உன்மேல் எத்தனை பேர் விழுந்தாலும் சிரித்துக்கொண்டே நீ எழுந்திருக்க வேண்டும். எந்தத் தேதி என்று மட்டும் போனில் சொல். அதற்கு மூன்று நிமிஷம் தாராளம்.

முதல் ஆணியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
வாலுவின் அம்மா.